அத்தியாயம் 6: அதிகாரி போன பிறகு

2007ஆம் ஆண்டு பிப்ரவரி 23, வெள்ளிக்கிழமை விடியற்காலை. நியூயார்க் நகரின் கிரீனிச் வில்லேஜ் வட்டாரத்தில், ஆறாவது அவென்யூவில், கேஎஃப்சியும் டாக்கோ பெல்லும் ஒரே கூரையின் கீழ் நடந்த கடை ஒன்று இன்னும் திறக்கவில்லை. கண்ணாடிச் சுவருக்கு வெளியே தொலைக்காட்சி நிருபர்கள் கேமராவோடு நின்றார்கள். உள்ளே மேசைகளுக்கு அடியிலும் நாற்காலிகளுக்கு இடையிலும் எலிகள் கூட்டமாக ஓடித் திரிந்தன. அன்றைக்கே அந்தக் காட்சி உலகம் முழுக்கப் போய்விட்டது.

எலியைவிட எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. அதற்கு முந்தைய நாள்தான் நகரச் சுகாதார இலாகாவின் அதிகாரி அந்தக் கடைக்கு வந்து, சோதித்து, தேறியது என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எலித் தொல்லை அந்தக் கடைக்குப் புதிதுமல்ல; முந்தைய சோதனைகளிலேயே பதிவாகியிருந்த குறைதான். ஒரு கடையின் சோதனை வரலாறு என்று ஒன்று இருக்கிறது. அதைச் சரியாகப் படித்திருந்தால் கேமரா வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. இந்த அத்தியாயம் அந்த வரலாற்றைப் பற்றியது: அது எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாது, நாம் அதை எப்படிப் படிக்க வேண்டும்?

மலேசியாவின் ஈஜோக்கில் வசிக்கும் நமக்கு இந்தக் கேள்வி தூரத்து விஷயமாக இருந்த காலம் போய்விட்டது. முன்பு தோட்டத்து வாழ்க்கையில் வெளிச்சாப்பாடு என்றால் பட்டணத்துக் கடையில் பசியாறுவதும், திருவிழா நாளில் கோயில் அன்னதானமும்தான். 2011இல் ஈஜோக்கையும் டெம்பளர் பார்க்கையும் இணைக்கும் லாத்தார் நெடுஞ்சாலை திறந்தது. பெஸ்தாரி ஜெயாவில் யூனிசெல் பல்கலைக்கழகம், புஞ்சாக் ஆலாமில் யூஐடிஎம் வளாகம், அவற்றைச் சுற்றி வீடமைப்புத் திட்டங்கள் என்று ஆள் கூடக்கூட, பொரித்த கோழியும் பர்கரும் பின்னாலேயே வந்தன. அந்தக் கோழியைப் பொரிக்கிற எண்ணெயின் வரலாறும் நம் வட்டாரத்தில்தான் தொடங்குகிறது. பத்தாங் பெர்சுந்தை என்று முன்பு அழைக்கப்பட்ட அதே பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்திலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917இல் ஆன்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் வணிக முறையில் செம்பனை நட்டார். இந்த நாட்டில் அதுவே முதல்.

கொதிக்கும் எண்ணெயைப் பார்த்துப் பலர் பயப்படுகிறார்கள். கிருமியைப் பொறுத்தவரை துரித உணவகத்தில் மிகவும் பாதுகாப்பான இடம் அந்தக் கொப்பரைதான். எண்ணெய் 170 முதல் 180 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. கோழித் துண்டின் நடுப்பகுதி 74 டிகிரியைத் தொட்டாலே சால்மோனெல்லா போன்ற பாக்டீரியாக்கள் நொடிகளில் செத்துவிடும். ஆபத்து அதற்கு முன்னும் பின்னும் இருக்கிறது. பச்சைக் கோழியை வெட்டிய கத்தியால் வெள்ளரிக்காய் நறுக்கும்போது. பொரித்த கோழி மதியம் முழுக்க வெதுவெதுப்பான தட்டில் கிடக்கும்போது. பச்சை முட்டையில் அடித்த மயோனைஸ் மின்விசிறிக்குக் கீழே இருக்கும்போது. 2022 மே மாதம் கேரளத்தின் காசர்கோடு மாவட்டத்தில் ஷவர்மா சாப்பிட்ட 16 வயது மாணவி இறந்தார். 2023 செப்டம்பரில் நாமக்கல்லில் அதேபோல ஷவர்மா சாப்பிட்ட 14 வயதுச் சிறுமி இறந்தார். கேரள அரசு 2023 ஜனவரியிலும் தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலிலும் பச்சை முட்டை மயோனைஸுக்குத் தடை போட்டன. சூடு காட்டாத ஒரு வெள்ளைச் சாஸுக்காக இரண்டு மாநிலங்கள் ஆணை போட வேண்டியிருந்தது.

பாக்டீரியாவுக்குப் பிடித்த சூடு எது? 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் இடைப்பட்டது. ஈஜோக்கில் மதிய நேரத்துச் சமையல்கட்டு 32, 33 டிகிரியில் இருக்கும். அது அந்த எல்லைக்குள்ளேயே, கிருமிக்கு மிகவும் வசதியான பகுதியில் விழுகிறது. அப்படிப்பட்ட இடத்தில் பல பாக்டீரியாக்கள் ஏறக்குறைய இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும். நூறு பாக்டீரியா ஒரு சம்பல் கிண்ணத்தில் விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்தில் 800. இரண்டு மணி நேரத்தில் 6,400. நான்கு மணி நேரத்தில் 409,600. நிறம் மாறாது, வாடை வராது, ருசியும் கெடாது. பள்ளி நிகழ்ச்சிக்கும் கல்யாணத்துக்கும் சமைத்துக் கொண்டுவரும் சாப்பாட்டை நான்கு மணி நேரத்துக்குள் சாப்பிட்டு முடிக்கச் சொல்லி மலேசியச் சுகாதார அமைச்சு வலியுறுத்துவதற்குக் காரணம் இந்தக் கணக்குதான்.

ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் சமூகத்தில் இது அடிக்கடி நடக்கிறது. பெரிய அண்டாவில் ஆட்டிறைச்சிக் குழம்பை முந்தைய இரவே வைத்து, மூடி, மறுநாள் காலையில் சூடாக்கிப் பரிமாறுவது. கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்ற பாக்டீரியா கொதியில் சாகாத வித்துகளாக மாறிக்கொள்ளும். அண்டாவின் நடுப்பகுதி ஆற மணிக்கணக்காகும். குழம்பு 45 டிகிரி அளவில் நிற்கும்போது வித்துகள் விழித்துப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைகூட இரட்டிக்கும். மூடியிருப்பதால் காற்று போகாததும் இதற்குச் சாதகம். குழம்பைச் சிறு சிறு பாத்திரங்களில் பிரித்து ஊற்றி விரைவாக ஆற வைத்துக் குளிர்பெட்டியில் வைத்தால் போதும். செலவு இல்லாத வேலை. எந்தக் கோயில் அன்னதானக் குழுவும் நாளையே தொடங்கலாம்.

இப்போது அதிகாரிக்கு வருவோம். நம் வட்டாரத்தில் சாப்பாட்டுக் கடைக்குள் சோதனைக்கு வரக்கூடியவர்கள் இரண்டு தரப்பு. உரிமம் தருகிற கோலசிலாங்கூர் நகராண்மைக் கழகம் ஒன்று, சுகாதார அமைச்சின் மாவட்ட இலாகா இன்னொன்று. சுகாதார இலாகாவின் கையில் 1983ஆம் ஆண்டு உணவுச் சட்டமும், அதன்கீழ் வந்த 2009ஆம் ஆண்டு உணவுத் தூய்மை விதிமுறைகளும் இருக்கின்றன. கடை பதிவு பெற்றிருக்க வேண்டும். சமைப்பவரும் பரிமாறுபவரும் உணவு கையாள்வோர் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும், டைஃபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். கரப்பான், ஈ, எலி இருக்கக்கூடாது. விதிமுறையை மீறினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டு ஆண்டு வரை சிறை. சட்டத்தின் 11ஆவது பிரிவு, அசுத்தமான கடையை 14 நாள் வரை மூட வைக்கிறது.

டைஃபாய்டு ஊசி ஏன் என்று கடைக்காரர்கள் கேட்பதுண்டு. நோயே வராமல் தடுக்கத்தான். நோய் வந்து குணமான சிலரின் பித்தப்பையில் அந்தக் கிருமி வருடக்கணக்கில் தங்கிவிடும். அவர்களுக்குக் காய்ச்சலும் இருக்காது, தங்கள் உடம்பில் கிருமி இருப்பதும் தெரியாது. நியூயார்க் வீடுகளில் சமையல்காரியாக இருந்த மேரி மலோனிடமிருந்து நோய் பரவியதை 1907இல் ஜார்ஜ் சோப்பர் கண்டுபிடித்தபோது அமெரிக்காவுக்கு இது உறைத்தது.

11ஆவது பிரிவு நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை 2018 மே மாத இறுதியில் எல்லாரும் பார்த்தோம். கோலாலம்பூர் பங்சாரில் ராஜ்ஸ் பனானா லீஃப் உணவகத்தின் பின்புறம், தெருக் குழியில் தேங்கிய தண்ணீரில் தட்டு கழுவுவதை யாரோ கைப்பேசியில் படம் பிடித்தார்கள். படம் பரவியதும் அதிகாரிகள் வந்து கடையை இரண்டு வாரம் மூடினார்கள். நியூயார்க்கிலும் பங்சாரிலும் நடந்தது ஒன்றே. குற்றத்தைப் பிடித்தது சோதனை அட்டவணை இல்லை, வெளியே நின்றவரின் கண். அதற்காக அதிகாரிகளைத் திட்டுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஒரு மாவட்டத்தில் எத்தனை கடை, எத்தனை ஒட்டுக்கடை, பள்ளிச் சிற்றுண்டிச்சாலை, இரவுச் சந்தை! ஒரு கடைக்கு வருடத்தில் ஓரிரு முறை, ஒரு மணி நேரம் வந்துபோக முடிந்தால் அதுவே பெரிது. ஒரே ஒரு காலை பால் வெட்டிவிட்டு அந்த ரப்பர் மரத்தின் முழு வருட விளைச்சலைச் சொல்லச் சொன்னால் எந்தக் கங்காணியும் மறுப்பார். கடை விஷயத்தில் நாம் அதிகாரியிடம் கேட்பது அதைத்தான்.

அந்த ஒரு மணி நேரமும் எவ்வளவு உறுதியானது? அமெரிக்காவின் சியாட்டல் நகரை உள்ளடக்கிய கிங் கவுண்டியில் சட்டப் பேராசிரியர் டேனியல் ஹோ ஒரு சோதனை நடத்தினார். இரண்டு அதிகாரிகளை ஒரே நேரத்தில் ஒரே கடைக்கு அனுப்பி, தனித்தனியாக எழுத வைத்தார். பாதிக்கும் மேற்பட்ட சமயங்களில் இருவரின் தாளும் ஒத்துப்போகவில்லை. மரியா இபான்யெஸ், மைக்கேல் டாஃபல் என்ற ஆய்வாளர்கள் வேறொன்றைக் கண்டார்கள். நாளின் முதல் சோதனையில் அதிகக் குறை எழுதப்படுகிறது, அடுத்தடுத்த கடைகளில் குறைந்துகொண்டே போகிறது. முந்தைய கடை மோசமாக இருந்தால் அடுத்த கடைக்காரரும் கூடுதலாக மாட்டிக்கொள்கிறார். நியூயார்க்கில் 2010 முதல் குறைப் புள்ளி 13 வரை இருந்தால் ‘ஏ’, 14 முதல் 27 வரை ‘பி’. அங்கே சரியாக 13இல் வந்து நிற்கும் கடைகள் வழக்கத்துக்கு மாறாக அதிகம். மனிதர்தானே அளக்கிறார், ஒரு புள்ளிக்காக ஒரு குடும்பத்தின் பிழைப்பைக் கெடுக்க மனம் வருமா?

அப்படியானால் மதிப்பெண்ணால் பயனே இல்லையா? இங்கேதான் ஆராய்ச்சி சுவையாகிறது. டென்னசி மாநிலத்தில் 1993 முதல் 2000 வரை நடந்த 167,000க்கும் மேற்பட்ட சோதனைகளை எடுத்துப் பார்த்தார்கள். நச்சுணவுச் சம்பவம் நடந்த கடைகளின் சராசரி மதிப்பெண்ணும், எதுவும் நடக்காத கடைகளின் சராசரியும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. ஆனால் 1989இல் வெளிவந்த கிங் கவுண்டி ஆய்வு வேறு விதமாகச் சொன்னது. மதிப்பெண் குறைந்த கடைகளில் நச்சுணவுச் சம்பவம் நடக்கும் வாய்ப்பு ஐந்து மடங்கு. சூடு, குளிர் காப்பதில் தவறிய கடைகளிலோ பத்து மடங்கு.

இரண்டு ஆய்வுகளும் முரண்படுவதுபோலத் தெரியும். நான் படிப்பது இப்படி: மொத்த மதிப்பெண்ணில் கூரை ஓட்டை, உடைந்த ஓடு, விளக்கு, குப்பைத்தொட்டி மூடி எல்லாம் கலந்திருக்கின்றன. உயிரோடு விளையாடும் குறையும் கண்ணை உறுத்தும் குறையும் ஒரே கூட்டலில் கரைந்துவிடுகின்றன. பிரித்துப் பார்த்தால் எழுந்து நிற்பது சூடும் நேரமும் கையும்தான். எனவே ஒரு கடையின் சோதனை வரலாற்றைப் படிக்கும்போது மொத்தத்தை ஒதுக்கிவிட்டு மூன்றைத் தேட வேண்டும். சூடான சாப்பாடு 60 டிகிரிக்கு மேல் இருந்ததா, குளிர்ச் சாப்பாடு 4 டிகிரிக்குள் இருந்ததா? பச்சை இறைச்சிக்கும் சமைத்த சாப்பாட்டுக்கும் தனிக் கத்தி, தனிப் பலகை இருந்தனவா? கழுவும் தொட்டியில் தண்ணீரும் சோப்பும் இருந்தனவா? இந்த மூன்றில் ஒன்று, ஒரு முறை தவறியது என்றால் அது அன்றைய நாளின் குற்றமாக இருக்கலாம். அதே குறை மூன்று சோதனையிலும் திரும்பத் திரும்ப வந்தால் அது கடையின் பழக்கம். கிரீனிச் வில்லேஜ் கடையின் தாளில் திரும்ப வந்த எலியும் அப்படிப்பட்ட பழக்கம்தான்.

சூடு ஒன்றே எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பதற்கு 1993 ஜனவரியை நினைவுகூர வேண்டும். அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் ஜாக் இன் தி பாக்ஸ் என்ற துரித உணவகத் தொடரின் பர்கர் சாப்பிட்ட 700க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். நான்கு குழந்தைகள் இறந்தார்கள். காரணம், ஈ. கோலி ஓ157:எச்7. நூறுக்கும் குறைவான கிருமிகளே ஒரு குழந்தையின் சிறுநீரகத்தைப் பாழாக்கப் போதும். வாஷிங்டன் மாநிலச் சட்டம் அரைத்த மாட்டிறைச்சியின் உட்புறம் 68 டிகிரியைத் தொட வேண்டும் என்றது. மத்திய அரசின் அளவோ 60 டிகிரி. அந்த நிறுவனம் அதைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. எட்டு டிகிரி வித்தியாசம். தரை பளபளப்பாக இருந்திருக்கலாம், சீருடை சலவை செய்ததாக இருந்திருக்கலாம்.

அதன்பிறகு பெரிய துரித உணவகங்கள் பல ஒவ்வொரு அடுப்புக்கும் வெப்பமானி, ஒவ்வொரு தட்டுக்கும் நேரக்கடிகாரம் என்று மாறின. விண்வெளி வீரர்களுக்குப் பாதுகாப்பான உணவு செய்ய 1960களில் பில்ஸ்பரி நிறுவனமும் நாசாவும் உருவாக்கிய ஹாசாப் முறை சாதாரணச் சமையல்கட்டுக்குள் வந்து சேர்ந்தது. முடிந்த உணவைச் சோதிப்பதைவிட, எந்தக் கட்டத்தில் கிருமி நுழையும் என்று முன்கூட்டியே பார்த்து அங்கே காவல் வைப்பது அதன் வழி. பெரிய தொடர்க் கடைகளைத் தாராளமாகக் குறை சொல்லலாம், உப்பு, கொழுப்பு, சர்க்கரை எல்லாவற்றுக்கும். ஆனால் வெப்பமானியைப் பயன்படுத்துவதில் நம் வாழையிலைக் கடைகள் அவர்களிடம் கற்க வேண்டும். ஒரு நல்ல சமையல் வெப்பமானி பெரிய செலவில்லை.

சிறிய கடைகளில் நடந்த துயரங்களும் நமக்குப் பாடம். 2009 ஏப்ரலில் சிங்கப்பூரில் கெய்லாங் செராய் தற்காலிகச் சந்தையில் விற்ற இந்திய ரோஜாக் சாப்பிட்டு 154 பேர் நோயுற்றார்கள், இரண்டு பெண்கள் இறந்தார்கள். விப்ரியோ பாராஹீமோலிடிக்கஸ் என்ற கடல் பாக்டீரியா. 1950இல் ஜப்பானில் ஒசாகாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. பச்சைக் கடலுணவிலிருந்து சமைத்த பண்டத்துக்கு அது தாவியிருக்க வேண்டும் என்பதே சிங்கப்பூரில் எட்டிய முடிவு. கோலசிலாங்கூர், ஜெராம் கரையோரத்தில் கெராங் சிப்பியும் இறாலும் தினமும் கைமாறுகிற நமக்கு இந்தக் கிருமி அண்டை வீட்டுக்காரர். 2018 ஜூலையில் கெடா மாநிலம் பாலிங்கில், கூப்பாங் கிராமத்தில் விற்ற லக்சாவைச் சாப்பிட்டு 80க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள், இருவர் மாண்டார்கள். சால்மோனெல்லா.

இத்தகைய சம்பவங்கள் வெளியே தெரிவது எப்படி? 1988ஆம் ஆண்டுத் தொற்றுநோய்த் தடுப்புச் சட்டத்தின்கீழ் நச்சுணவு, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோய். மருத்துவர் சந்தேகப்பட்டால் மாவட்டச் சுகாதார இலாகாவுக்குச் சொல்லியாக வேண்டும். ஆனால் நம்மில் பெரும்பாலோர் வயிற்றுப்போக்கு வந்தால் கருப்புத் தேத்தண்ணீர் குடித்துவிட்டு வீட்டில் படுத்துவிடுகிறோம். அதனால் கடையின் வரலாற்றில் எழுதப்பட வேண்டிய ஒரு வரி எழுதப்படாமல் போகிறது. சோதனைத் தாள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும், நோயாளி சொல்லாததை அது அறியாது.

மதிப்பெண்ணை மக்கள் முன் வைத்தால் கடைகள் திருந்துமா? லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரம் 1998இல் கடை வாசலில் ‘ஏ’, ‘பி’, ‘சி’ அட்டை தொங்கவிட்டது. அதன்பின் உணவுவழி நோயால் மருத்துவமனையில் சேர்வோர் சுமார் 20 விழுக்காடு குறைந்ததாக 2003இல் ஜின்னும் லெஸ்லியும் எழுதினார்கள். அந்தக் கட்டுரை உலகம் முழுக்க மேற்கோளானது. 2019இல் ஹோவும் அவருடைய குழுவினரும் அதே தரவை மறுபடி ஆராய்ந்தார்கள். அட்டை வருவதற்கு முன்பு அந்தப் பகுதியில் சால்மோனெல்லா அலை ஒன்று எழுந்து தணிந்திருந்தது, குறைவுக்கு அட்டைதான் காரணம் என்று சொல்ல ஆதாரமில்லை என்றார்கள். ஒரு நல்ல செய்தி இப்படிக் கலைவது வருத்தம்தான். ஆனால் அறிவியல் அப்படித்தான் நடக்க வேண்டும், நானும் இந்த இரண்டாவது முடிவையே ஏற்கிறேன். எழுத்து மட்டும் போதாது.

எழுத்துக்குப் பின்னால் இருக்கும் தாள்தான் வேண்டும். நியூயார்க்கில் இன்று எந்தக் கடையின் அண்மைச் சோதனைகளையும், தேதியோடும் குறையோடும், இணையத்தில் யாரும் படிக்கலாம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 0 முதல் 5 வரை மதிப்பெண் பொதுவில் இருக்கிறது. வேல்ஸில் 2013 முதல் அதைக் கடை வாசலில் ஒட்டுவது கட்டாயம். நம் கடைச் சுவரிலும் ‘ஏ’, ‘பி’, ‘சி’ என்ற எழுத்து தொங்குகிறது. அதற்குப் பக்கத்தில் கடைசி மூன்று சோதனைகளின் தேதியையும், சூடு, குளிர், கை கழுவுதல் பற்றி அதிகாரி எழுதியதையும் ஒட்டுவதற்கு ஒரு தாளும் பசையும் போதும். நேர்மையான கடைக்காரருக்கு அது விளம்பரம். தவறிய கடைக்காரருக்குத் திருந்த மூன்று வாய்ப்பு.

அடுத்த முறை கோலசிலாங்கூர் நகராண்மைக் கழக உறுப்பினரைக் கோயிலிலோ கல்யாண வீட்டிலோ பார்த்தால், அந்தத் தாளை வாசலில் ஒட்ட விதி கொண்டுவரும்படி கேளுங்கள். வயிறு கெட்டால் மருத்துவரிடம் போய், எந்தக் கடையில் எந்த நேரத்தில் என்ன சாப்பிட்டீர்கள் என்பதைச் சொல்லிவிட்டு வாருங்கள்.